தினமும் எய்துகிறேன்

ஜன்னல் சீட்டுக்காரிக்கு,

நூலகப் புத்தகத்தை நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அட்டையைத் துடைத்துவிட்டு, தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினேன். தைத்த இடுக்கிலிருந்து மணல் கொட்டியது. ஒரு சிட்டிகைதான் இருக்கும். கட்டில் விரிப்பின் மேல் விழுந்த அந்த மணலை விரலால் ஒன்றாகக் கூட்டினேன். எங்கள் வீட்டில் புத்தகத்துக்குள் மணல் வர வழியில்லை. அது உன் மணல். உன் பையின் அடியிலும், டிபன் பாக்ஸ் மூடியின் வளைவிலும், தேர்வுத் தாளின் மடிப்பிலும்கூட அது இருக்கும். "எங்க வூட்ல வாசல் பெருக்கணும்னா கடலைத்தான் பெருக்கணும்" என்று சொல்வாய்.

என் அம்மா துடைப்பத்தோடு வந்தாள். நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் நடந்ததைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ எதையும் முதலிலிருந்து கேட்கிறவள். நடுவில் தொடங்கினால் "இரு இரு, யாரு, எங்க?" என்று நிறுத்திவிடுவாய். அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள். மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, மடியில் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். வெளியிலிருந்து ஒரு டிபன் பை ஜன்னல் வழியாகப் பறந்து வந்து அந்தப் புத்தகத்தின் மேல் விழுந்தது. மீன் குழம்பு வாசனை. பின்னாலேயே நீ வந்து என் மூக்குக்கண்ணாடியை முறைத்தாய்.

"ஏய் கண்ணாடி, எந்திரி. அது என் சீட்டு. பை போட்டுட்டேன் இல்ல?"

"நான் முன்னாடியே உட்கார்ந்திருக்கேன்."

"நீ வந்தது எனக்குத் தெரியாது. ஆனா என் பை வந்தது உனக்குத் தெரியும் இல்ல? அப்போ யாரு தப்பு?"

புத்தகத்தையும் உன் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தேன். வண்டி கிளம்புவதற்குள் என் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டாய். நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை என்றேன். "எங்க கடல்ல உப்ப எடுத்துட்டு மெட்ராசுக்கு தண்ணி வுடறது உங்கப்பாதானா? எடுத்த உப்ப இன்னா பண்றாரு? குடுத்தா எங்கம்மாவுக்கு கருவாட்டுக்கு ஆவும்" என்றாய். முன் சீட்டில் இருந்தவர்கூடச் சிரித்தார்.

உன்னால் பேருந்தில் படிக்க முடியாது. எழுத்தைப் பார்த்தால் குமட்டும். அதனால்தான் எல்லாம் ஆரம்பித்தது. நான் படித்துக்கொண்டிருந்த பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு உடனே கண்ணை மூடிக்கொண்டாய். "எனக்கு பஸ்ல எய்த்தப் பாத்தா வாந்தி வரும். நீ சத்தமா படி. நான் கேட்டுகினு வரேன்." நான் வெட்கப்பட்டேன். நீ விடவில்லை. முணுமுணுப்பாகத் தொடங்கி, திருக்கழுக்குன்றம் வருவதற்குள் எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. கண்ணை மூடியபடி தலையை ஒரு பக்கம் சாய்த்து நீ கேட்கிற விதத்தைப் பார்த்தபோது, இதற்கு முன் நான் இவ்வளவு கவனமாக எந்த வரியையும் படித்ததில்லை என்று தோன்றியது.

மாலையில் இறங்கும்போது புத்தகம் உன் பைக்குள் போகும். காலையில் என்னிடம் கேட்ட பக்கங்களை நீ வீட்டில் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாய். உன் அம்மா கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்பார். மறுநாள் உன் அம்மா சொன்னதெல்லாம் என்னிடம் வரும். "அந்தப் பொண்ணு புருசன நம்பவே கூடாதுன்னு எங்கம்மா முன்னாடியே சொல்லிச்சு." "நேத்து அவ்ளோதானான்னு கேட்டுச்சு. மேல படிக்கலன்னா கொயம்பு இல்லன்னுடுச்சு." இப்படி ஒரு புத்தகத்தை மூன்று பேர் படித்தோம். நான் சளி பிடித்துத் தொண்டை கட்டி வந்த நாளிலும் நீ விடவில்லை. "எங்கம்மா காத்துகினு கீதுடி, நான் போயி இன்னா சொல்றது?" என்றாய். தினமும் படிக்க வேண்டும் என்று நான் அதற்கு முன் எத்தனையோ முறை தீர்மானம் செய்து, ஒரு வாரத்தில் விட்டிருக்கிறேன். கடற்கரையில் ஒரு அம்மா காத்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு விட முடியவில்லை.

ஜன்னல் சீட்டு சட்டமும் உன்னுடையதுதான். தினமும் காலையில் முந்திய நாள் பார்த்த ஏதாவது ஒன்றைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வரி எழுதிக்கொண்டு வர வேண்டும். வரி இல்லாதவளுக்கு ஜன்னல் இல்லை. இரண்டு பேரிடமும் இருந்தால் நல்ல வரிக்கு ஜன்னல். எது நல்ல வரி என்று தீர்ப்புச் சொல்வதும் நீதான். அதனால் முதல் மாதம் முழுக்க நான் நடைபாதைப் பக்கமே உட்கார்ந்திருந்தேன்.

"கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி அலைகளைத் தழுவினான்" என்று ஒரு நாள் பெருமையாகப் படித்தேன்.

"எங்க பாத்த?"

"எதை?"

"கைய. சூரியனுக்கு கை இருந்துச்சுன்னியே, நீ எங்க நின்னு பாத்த?"

"அது வர்ணனைடி."

"நாங்க தெனம் பாக்கறோம், கையெல்லாம் ஒண்ணியும் கெடையாது" என்று சொல்லிவிட்டு உன் வரியைச் சொன்னாய். "நேத்து காத்து அடிச்சுது. அப்பா கடலுக்குப் போகாம வூட்ல இருந்தாரு. வூடு சின்னதா ஆயிடுச்சு."

உன் தீர்ப்புக்குக் காத்திருக்காமல் நானே எழுந்து உனக்கு ஜன்னலைக் கொடுத்தேன். இன்றைக்கும் ஒரு வரியை எழுதி முடித்ததும், எங்க பாத்த என்று எனக்குள் கேட்கிறது. பதில் சொல்ல முடியாவிட்டால் அடித்துவிடுகிறேன்.

உனக்கு 'ழ' வராது. அதைப் பற்றி உனக்குக் கவலையும் கிடையாது. மழை உனக்கு மயை, கோழி கோயி, வாழைப்பழம் வாயப்பயம். நான்தான் அக்கறையாகச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன். "நாக்கை மேலே மடி. இன்னும் உள்ளே. இப்போ சொல்லு, பழம்." நீ முகத்தைக் கோணலாக்கி, நாக்கை மடித்து, பெரிய முயற்சி செய்து, "பயம்" என்பாய். அப்போதுதான் கண்டக்டர் "கய்க்குன்றம்லாம் எறங்கு" என்று கத்துவார். நீ என்னைத் திரும்பிப் பார்ப்பாய். "பாத்தியா, அவருக்கே வர்ல. அதுக்காக பஸ்ஸு வேற ஊருக்கா போயிடுச்சு?"

தமிழ் மிஸ் "என் நற்பழக்கம்" என்று கட்டுரை எழுதச் சொன்ன நாள் உனக்கு நினைவிருக்கும். வகுப்பு முழுக்க அதிகாலையில் எழுந்தது, இரண்டு வேளை பல் துலக்கியது. நானும் அதிகாலையில்தான் எழுந்தேன், கட்டுரையில். நீ மட்டும் வாய்க்கு வருகிற தமிழை அப்படியே எழுதி, "என் பயக்கம்" என்று தலைப்பும் போட்டிருந்தாய். மிஸ் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கோபமில்லாமல்தான், உன்னை எழுப்பினார்.

"'நான் தினமும் எய்துகிறேன்'னு எழுதியிருக்க. எய்துவதுன்னா அடைவது. நீ தினமும் எதைம்மா அடையிற?"

நீ எழுந்து நின்று கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எய்தறதத்தான் மிஸ்."

வகுப்பே சிரித்தது. நீயும் சிரித்தாய். மிஸ் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. நான் அன்று சிரிப்பில் கவனிக்கவில்லை. அந்த வாரம் ஏதோ ஒரு நாள், வரி எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது திடீரென்று புரிந்தது. தினமும் எழுதுகிறவள் தினமும் ஒன்றை அடைகிறாள். நீ தெரிந்து சொன்னாயா, வாய்க்கு வந்ததைச் சொன்னாயா என்று கேட்க நினைத்துக்கொண்டே இருந்தேன். ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பள்ளி விட்டதும் பார்க்கலாம் என்று இருந்தேன். மாலைக்குள் நீ இல்லை.

அதன் பிறகு நான் பேருந்தில் படிக்கவில்லை. வரியும் எழுதவில்லை. ஜன்னல் காலியாக இருந்தாலும் நடைபாதைப் பக்கமே உட்கார்ந்தேன். உன் சட்டப்படி அதுதானே சரி.

மார்கழி தொடங்கியிருந்தது. ஒரு காலை பேருந்து நிலையத்தில் உன் அம்மா நின்றிருந்தார். கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய இந்தப் புத்தகம்.

"நீதான கண்ணாடி? லைப்ரரி பொஸ்தகம்னு சொல்லிகினு இருந்தா. குடுத்துடலாம்னு எடுத்தாந்தேன்." கொடுத்துவிட்டுப் போகவில்லை. நின்றார். "அதுல அந்தப் பொண்ணு வூட்ட வுட்டு பட்டணத்துக்குப் போச்சே. திரும்பி வந்துச்சா இல்லியா? பாதியில கீது கதை."

"நான் இன்னும் படிக்கலை ஆன்ட்டி" என்றேன்.

"ஆன்ட்டின்னு கூப்டாத, மீன் வாங்க வந்தவங்க மாதிரி கீது. அம்மான்னு கூப்டு. படிச்சுட்டு வந்து சொல்லு."

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் குப்பத்துக்குப் போனேன். கதையைச் சொல்லக் கூடாது, படித்துத்தான் காட்ட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். உன் அம்மா கருவாட்டைப் பரப்பி வைத்திருந்த வலைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்துக் கொடுத்தார். உன் அப்பா சற்றுத் தள்ளி வலை பின்னிக்கொண்டு, கேட்காதவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் திருத்தமாக, ஒவ்வொரு ழகரமும் சுழலும்படி படித்தேன். இரண்டு பக்கம் போனதும் உன் அம்மா சொன்னார்: "நல்லாத்தான் படிக்கற. ரேடியோ மாதிரி கீது. அவ படிச்சா பக்கத்து வூட்டு சேதி மாதிரி இருக்கும்."

அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார். போனேன். மறுநாள் காலை பேருந்தில், உன்னை நினைத்துக்கொண்டு, ஒரு வரி எழுதிவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து போனபோது தமிழ் மிஸ் என்னைக் கூப்பிட்டார். தமிழ் மன்ற நிறைவு விழாவில் உன் கட்டுரையைப் படிக்க வேண்டும், உன் அம்மாவையும் அழைத்திருக்கிறேன் என்றார். தாளை நீட்டினார். சிவப்பு மையில் திருத்தங்கள். "திருத்தினபடியே படிம்மா. பயக்கம், எய்துகிறேன்னு படிச்சா பிள்ளைங்க சிரிச்சுடுவாங்க. அந்தம்மா முன்னாடி அப்படி ஆகக் கூடாது."

மிஸ் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குத் தொல்லை. திருத்திப் படித்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் உன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, தன் பெண் எழுதியதை இன்னொரு முறை ரேடியோவில் கேட்டுவிட்டுப் போவார். உன் குரலில் மிச்சமிருப்பது அந்தத் தாள்தான். அதிலும் ழகரத்தைப் போட்டு உன்னைத் துடைத்துவிடுவதா? அப்படியே படித்து, பிள்ளைகள் சிரித்து, அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல் அவர் எழுந்து போய்விட்டால் அதற்கும் நான்தான் பொறுப்பு.

மிஸ்ஸிடம் கேட்டேன். "திருத்தாம படிக்கலாமா மிஸ்? சிரிப்பு வராத மாதிரி படிக்கிறேன்."

கையில் இருந்த சிவப்புப் பேனாவை மூடினார். "முடியுமா உன்னால?" என்று மட்டும் கேட்டார்.

முடியவில்லை என்பதுதான் அந்த வாரத்தின் வேடிக்கை. சிறு வயதிலிருந்து பேச்சுப் போட்டிக்குப் பழக்கிய நாக்கு. எய்து என்று நினைத்தால் எழுது என்றுதான் வருகிறது. பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எய்து, எய்த்து, பயகினேன், வூடு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நான் உன் நாக்கை மடக்கப் பார்த்த அதே சீட்டில், என் நாக்கை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். முன் சீட்டுப் பெரியவர் திரும்பி, "இன்னாம்மா, வாயில புண்ணா?" என்று கேட்டார். நீ இருந்திருந்தால் அந்த ஒரு வரிக்கே ஒரு வாரம் ஜன்னலை எடுத்துக்கொண்டிருப்பாய்.

வெள்ளிக்கிழமை வந்தது. உன் அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் முன்வரிசையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். உன் பெயரைச் சொன்னார்கள். நான் மேடையேறினேன்.

"என் பயக்கம்" என்று தொடங்கினேன்.

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஒருத்தி சிரித்தாள், பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் பின்வரிசையைப் பார்க்கவில்லை. உன் அம்மாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தார். அந்தச் சாய்வு எங்கிருந்து உனக்கு வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. தொடர்ந்தேன்.

"சாயங்காலம் வூட்டுக்குப் போனதும் எங்கம்மாவுக்குக் கதை படிப்பேன். எங்கம்மாவுக்கு எய்த்து தெரியாது. ஆனா கதை தெரியும். ஒரு பக்கம் தள்ளிட்டுப் படிச்சா கண்டுபுடிச்சிடும். கருவாடு காய வெச்சா எங்கம்மா ஒரு காக்காவை மட்டும் பேர் சொல்லித் திட்டும்."

"பேரு இன்னான்னு எய்தலியா அவ?"

உன் அம்மாதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே, வீட்டில் கேட்பது போலக் கேட்டார். நான் தாளைப் பார்த்தேன்.

"இல்லைம்மா. எழுதலை."

"மேனேஜரு. அதும் பேரு மேனேஜரு. கைய பின்னாடி கட்டிகினு மேற்பார்வ பாக்கற மாதிரியே நடக்கும்."

அரங்கம் சிரித்தது. பின்வரிசை, ஆசிரியர்கள், தலைமையாசிரியர், எல்லோரும். முதலில் சிரித்த பெண் இப்போது வாயை மூடாமல் சிரித்தாள். உன் அம்மாவும் சிரித்தார். யாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நீ சிரிக்க வைத்தாய். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை மேடையில் நின்றபோது எனக்கு இருந்த பெருமையை, பேச்சுப் போட்டியில் வாங்கிய எந்தக் கோப்பையும் தந்ததில்லை.

கடைசிப் பத்தியைப் படித்தேன். "காத்து அடிச்சா எங்கப்பா கடலுக்குப் போக மாட்டாரு. அப்பவும் வலையை எடுத்து மடியில வெச்சிக்குவாரு. அதைப் பாத்து நான் பயகினேன். எய்த ஒண்ணும் இல்லாத நாள்லயும் பேனாவை எடுத்துக் கையில வெச்சிக்குவேன். கொஞ்ச நேரத்துல ஏதாவது வந்துடும். நான் தினமும் எய்துகிறேன்."

தாளை மடித்தேன்.

இறங்கி வந்ததும் மிஸ் தாளைக் கேட்டு வாங்கினார். "ஆண்டு மலருக்கும் இப்படியே போகட்டும். காக்கா பேரை மட்டும் சேர்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை எடுத்து வைக்கச் சொல்லப் போய்விட்டார். உன் அம்மா பள்ளி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எங்க கத்துகினே? நீ திருத்தமா பேசற பொண்ணாச்சே."

"பஸ்ல பயகினேன்மா."

"உம். இன்னும் கொஞ்சம் பயகணும். 'வூடு' சரியா வர்ல. ரொம்ப குவிக்கிற வாய." டம்ளரைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், ரொம்ப நேரம். "ஞாயித்துக்கெயமை வருவ இல்ல? கதை முடியப் போவுது."

இன்று காலை முடித்துவிட்டோம். அந்தப் பெண் ஊருக்குத் திரும்பவில்லை. கடைசி வரியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடாமல் வைத்திருந்தேன். உன் அப்பா ஊசியை நிறுத்தியிருந்தார். உன் அம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"வர்லியா?"

"வரலைம்மா."

"சரி. போன எடத்துல நல்லா கீறா இல்ல?"

"நல்லா இருக்காம்மா."

தலையை ஆட்டிக்கொண்டார். இன்னொரு கருவாட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, "அடுத்த வாரம் இன்னா கதை?" என்றார்.

நாளைக்கு நூலகத்தில் அதைத்தான் தேட வேண்டும். நீளமான கதையாகப் பார்த்து எடுக்கப்போகிறேன். உன் மணலை அந்தப் புத்தகத்துக்குள் போட்டு வைக்கலாமா என்று யோசித்தேன். தேவையில்லை. ஒரு ஞாயிறு உங்கள் வாசலில் உட்கார்ந்து எழுந்தால் அது தானாக ஏறிக்கொள்ளும்.

இன்றைய வரியைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்ததுதான், உங்கள் வாசலில் நின்றே பார்த்தேன்: "கதை முடிந்த பிறகு மேனேஜர் வந்தது, உன் அம்மா இன்று அதைத் திட்டவில்லை."

எய்திவிட்டேன். நாளைக்கு ஜன்னல் எனக்கு.

இப்படிக்கு,
கண்ணாடி